பெயருக்குச் சொந்தமான நிலம்

கேள்வி இதுதான்: கனடாவின் பழங்குடிகளான சிம்ஷியன் மக்களிடம் எழுத்து இருந்ததில்லை. அப்படியிருக்க அவர்களிடம் "சட்டம்" இருந்தது என்கிறார்களே, அது சரியா? இல்லை, பழக்கவழக்கத்துக்கு மரியாதைக்காகக் கொடுக்கும் பெயரா? உண்மையிலேயே இருந்தது என்றால், தேர்தலில் ஜெயித்த கவுன்சில்கள் ஊரை நடத்தும் இந்தக் காலத்தில் அதற்கு என்ன வேலை?

முதல் பாதிக்குப் பதில் சுலபம். இருந்தது; இன்றும் இருக்கிறது. அதற்கு அயாவ்க் என்று பெயர். இரண்டாவது பாதிதான் சிக்கலானது. சொல்லப்போனால் சிம்ஷியன் மக்களே அதைப் பற்றித் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், நீதிமன்றம் வரைக்கும் போய்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் பசிபிக் கரையில், அலாஸ்காவின் தென்முனைக்குச் சற்றுக் கீழே, ஸ்கீனா ஆறு கடலில் கலக்கிறது. சிம்ஷியன் என்ற சொல்லுக்கே "ஸ்கீனாவுக்குள் இருப்பவர்கள்" என்று பொருள். பிரின்ஸ் ரூப்பர்ட் துறைமுகம் இருப்பது இவர்களுடைய நிலத்தில். லாக்ஸ் குவாலாம்ஸ், மெட்லகாட்லா, கிட்காட்லா, ஹார்ட்லி பே எல்லாம் கடலோர ஊர்கள். கிட்சம்கேலமும் கிட்செலாஸும் ஆற்றின் மேலே. தெற்குக் கோடியில் கிளெம்டு. அலாஸ்காவில் இன்னொரு மெட்லகாட்லா இருக்கிறது, அந்தக் கதை பிறகு வரும். நாஸ் ஆற்றங்கரை நிஸ்கா மக்களும், ஸ்கீனாவின் மேல்பகுதியில் இருக்கும் கிட்க்ஸான் மக்களும் மொழியிலும் சட்டத்திலும் இவர்களுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் கீழே அவர்களையும் இழுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். அங்கே நிலம் மனிதனுக்குச் சொந்தமில்லை, பெயருக்குச் சொந்தம். மனிதர்கள் பிறந்து, அந்தப் பெயருக்குள் நுழைந்து, சில காலம் அதைச் சுமந்து, இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். பெயர் போவதில்லை. மற்ற எல்லா விதிகளும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

எப்படி என்று பார்ப்போம். சிம்ஷியன் சமூகத்தின் அடிப்படை அலகு வாப். வீடு என்று பொருள். பழைய நாளில் அது நிஜமாகவே செடார் பலகையில் கட்டிய ஒரு பெரிய வீடு. பல குடும்பங்கள் உள்ளே வாழும். ஆனால் சட்டத்தில் வாப் என்றால் கட்டடம் இல்லை. ஒரு தாய்வழிக் கூட்டம். தாயின் வீடுதான் பிள்ளையின் வீடு. ஒவ்வொரு வீடும் நான்கு குலங்களில் ஒன்றைச் சேர்ந்தது: அண்டங்காக்கைக் குலமான கன்ஹாடா, கழுகுக் குலமான லக்ஸ்கீக், ஓநாய்க் குலமான லக்ஸ்கிபூ, கொலைத்திமிங்கலக் குலமான கிஸ்பூத்வாடா. ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது. ஊர் வேறு, உறவு தெரியாது என்றெல்லாம் சாக்குச் சொல்ல முடியாது. கழுகும் கழுகும் கல்யாணம் செய்தால் அது கூடப்பிறந்தவளைக் கட்டியதற்குச் சமம்.

இதன் விளைவு என்ன? ஒரு தலைவருக்கு மகன் பிறந்தால் அவன் அவருடைய வாரிசு இல்லை. அவன் அம்மா வேறு குலம், ஆகவே அவனும் வேறு குலம். தலைவருக்குப் பிறகு வருபவர் அவருடைய தம்பி, அல்லது அக்காள் தங்கை மகன். மருமக்கள்வழி என்போமே, அதுதான். பையன் வளர வளர மாமனிடம் போய்ச் சேர்ந்து, மாமனின் நிலத்தையும் கதைகளையும் கற்றுக்கொள்வான். அப்பா வீட்டோடு அவனுக்கு உறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவருடைய நிலத்தில் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் அது அனுமதி, உரிமை இல்லை. அப்பா போனதும் அனுமதியும் போய்விடும். நம்முடைய சொத்துச் சட்டங்கள் தட்டுத்தடுமாறும் "அனுபவிப்பது வேறு, உடைமை வேறு" என்ற வேறுபாட்டை இவர்கள் எவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும்.

ஒவ்வொரு வீட்டிடமும் ஒரு பெட்டகம் உண்டு. பெட்டகம் என்றால் பொருள் மட்டும் இல்லை. பரம்பரைப் பெயர்கள், குலச்சின்னங்கள், பாட்டுகள், அப்புறம் அதாவ்க். அதாவ்க் என்றால் மெய்யான வரலாறு. எங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், இந்த ஆற்று வளைவில் என்ன நடந்தது, இந்தச் சின்னம் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் வரலாறு. பொழுதுபோக்குக்குச் சொல்லும் கதைகளை அவர்கள் தனியாக வைத்திருக்கிறார்கள். அதாவ்க் அந்த வகை இல்லை. அதைச் சொல்லும் உரிமை அந்த வீட்டுக்கு மட்டும்தான். இன்னொரு வீட்டின் அதாவ்க்கை எடுத்துச் சொல்வது திருட்டு. கொஞ்சம் யோசித்தால் ஏன் என்பது புரியும். அந்த வரலாறுதான் நிலப் பத்திரம். பத்திரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கட்டும் என்று யாராவது விடுவார்களா?

சரி, பத்திரம் வாயில் இருக்கிறது என்றால், பொய் சொன்னால் யார் பிடிப்பது? இங்கேதான் விருந்து வருகிறது. வெளியார் இதைப் பொட்லாட்ச் என்பார்கள். கையில் இருப்பதையெல்லாம் வாரி இறைக்கும் கூத்து என்று மிஷனரிகள் எழுதிவைத்தார்கள். உண்மையில் பதிவு அலுவலகம், நீதிமன்றம், சட்டசபை மூன்றும் ஒரே கூடத்தில் நடக்கும் இடம் அது.

ஒரு தலைவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தலைவருக்கு அவர்கள் மொழியில் ஸ்மோகியெட் என்று பேர். உடலைக் குளிப்பாட்டுவது, பெட்டி செய்வது, குழி வெட்டுவது எதையும் அவருடைய சொந்த வீட்டார் செய்ய மாட்டார்கள். அவருடைய அப்பா வழியினர், அதாவது வேறு குலத்தார், வந்து செய்வார்கள். அதற்கெல்லாம் கணக்கு உண்டு. பிறகு இறந்தவரின் வீட்டார் விருந்து வைப்பார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் பணமோ பொருளோ கொண்டுவந்து நடுவில் போட, யார் எவ்வளவு கொடுத்தார் என்று உரக்க அறிவிப்பார்கள். வேலை செய்த அப்பா வழியினருக்கு அதிலிருந்து கூலி போகும். அதன்பின் வாரிசின் மேல் பெயரைப் போடுவார்கள். அந்த வீட்டின் வரலாறு சொல்லப்படும், பாட்டு பாடப்படும், சின்னம் காட்டப்படும். வந்திருக்கும் மற்ற குலங்களின் தலைவர்கள், அவரவர் பெயருக்கு உரிய இருக்கையில் வரிசைப்படி உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அவர்களுக்குப் பரிசு.

அந்தப் பரிசுதான் விஷயம். அதை அன்பளிப்பு என்று நினைத்தால் எல்லாமே தவறாகப் புரியும். அது சாட்சிக் கூலி. பரிசை வாங்கிக்கொண்டால் "இங்கே சொன்னதைக் கேட்டேன், ஒப்புக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். வரலாற்றில் யாராவது பக்கத்து வீட்டு ஓடையைத் தன் எல்லைக்குள் சேர்த்துச் சொல்லிவிட்டால், அந்தப் பக்கத்து வீட்டுத் தலைவர் அங்கேயே எழுந்து மறுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு பரிசை வாங்கிப் போனால் அப்புறம் பேச உரிமை இல்லை. இருபது முப்பது வீடுகளின் தலைவர்கள், ஒவ்வொருவரும் தன் வீட்டு வரலாற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள், கேட்கும் கூடத்தில் பொய் சொல்வது அவ்வளவு எளிதில்லை. பதிவாளர் ஒருவரை விலைக்கு வாங்கலாம். கூடத்தையே விலைக்கு வாங்க முடியுமா?

பெயருக்குக் காயம் படும் என்பது இன்னொரு நுட்பம். பெரிய பெயர் தாங்கிய ஒருவர் எல்லோர் எதிரிலும் வழுக்கி விழுகிறார், அல்லது படகு கவிழ்ந்து தண்ணீரில் விழுகிறார் என்றால் அடிபட்டது அவர் உடம்பு மட்டும் இல்லை, பெயரும்தான். உடனே விருந்து வைத்துப் பரிசு கொடுத்து அதைக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் பெயரை ஒரு நிறுவனம் என்று நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் இருப்பவரின் நடத்தை நாற்காலியைக் கெடுக்கக்கூடாது என்ற ஏற்பாடு இது. பெயர் பெரிதாக ஆக, அதைத் தாங்குபவரின் கட்டுப்பாடும் கூடும்.

குற்றங்களும் இதே தர்க்கத்தில்தான் போகும். ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால் கணக்கு இரண்டு ஆட்களுக்கு நடுவில் இல்லை, இரண்டு வீடுகளுக்கு நடுவில். கொன்றவனின் வீடு ஈடு கட்ட வேண்டும். பொருளாகவோ, பெரிய பழி என்றால் நிலமாகவோகூட. செத்தவன் எவ்வளவு உயர்ந்த பெயரோ அவ்வளவு கனமான ஈடு. சமாதானம் ஆனதும் கழுகின் மெல்லிய இறகுத்தூவலைக் கூடத்தில் பறக்கவிடுவார்கள். அது தலைமேல் விழுந்தபின் ஆயுதம் எடுக்கக்கூடாது. ஈடு கட்டாவிட்டால் என்ன ஆகும்? ரத்தப்பழிதான். போர்கள் நடந்தன, அடிமை பிடித்தார்கள், அடிமைகளுக்கு வீடும் இல்லை, பெயரும் இல்லை. இதை மறைத்துவிட்டு "இயற்கையோடு இயைந்து வாழ்ந்த மக்களின் சமத்துவச் சட்டம்" என்று எழுதுகிறவர்கள் அந்தச் சட்டத்துக்கு நல்லது செய்யவில்லை. தலைவர்கள், மேன்மக்கள், சாமானியர், அடிமை என்று படிநிலை தெளிவாக இருந்த சமூகம் அது.

ஆனால் தலைவர் சர்வாதிகாரி இல்லை. நிலம் பெயருக்கு, பெயர் வீட்டுக்கு; அவர் வெறும் காவலாள். எந்த ஓடையில் எப்போது வலை போடலாம், யார் போடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. விருந்து வைக்க வேண்டும் என்றால் வீட்டார் உழைத்துச் சேர்க்க வேண்டும். அவர்கள் கையை விரித்தால் தலைவர் பாடு அவமானம். வீட்டின் மூத்த பெண்களுக்கும் கனமான குரல் உண்டு, அடுத்து அந்தப் பெயர் யாருக்கு என்ற பேச்சில் குறிப்பாக. யார் யாருக்குப் பிறந்தவர் என்ற கணக்கு முழுவதும் அவர்கள் தலைக்குள்தானே இருக்கிறது.

மீனுக்கும் மிருகத்துக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்பது அயாவ்க்கில் வெறும் நீதிபோதனை இல்லை. நிஸ்கா மக்கள் சொல்வது: பையன்கள் சிலர் ஆற்றில் சால்மன் மீன்களின் முதுகைக் கீறி, எரியும் குச்சியைச் செருகி விளையாடினார்கள், பெரியவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை, மலை வெடித்து நெருப்பு ஆறாக ஓடிவந்து ஊர்களை மூடியது, சுமார் 2000 பேர் இறந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் நாஸ் பள்ளத்தாக்கில் எரிமலை வெடித்தது உண்மை. அந்த எரிமலைக்குழம்புப் பாறை இன்றும் கருப்பாகப் பரந்து கிடக்கிறது. இப்படிச் சொல்லும் வரலாறு ஒரே நேரத்தில் நிகழ்ச்சிப் பதிவும் சட்டப் பிரிவும் ஆகிறது.

இப்போது வெள்ளையர்கள் வருகிறார்கள். வந்தபோது இந்தச் சட்டத்துக்கு அவர்கள்தான் பணிந்து நடந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்கீனாவில் மேலே போய் கிட்க்ஸான் மக்களோடு வியாபாரம் செய்யும் உரிமை கிஸ்பக்ஸ்லோட்ஸ் பிரிவின் தலைவரான லிகெக் என்ற பெயருக்கு மட்டும் சொந்தம். (பிரிவு என்றால் பல குலத்து வீடுகள் சேர்ந்த கூட்டம்.) மற்றவர் போனால் போர். தோல் வியாபாரம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி 1831இல் நாஸ் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கட்டியது. 1832இல் லிகெக்கின் மகள் கம்பெனியின் மருத்துவரான கென்னடியை மணந்தார். 1834இல் கோட்டை லிகெக்கின் நிலத்துக்கு இடம் மாறியது. அதுதான் பிறகு போர்ட் சிம்ப்சன் ஆகி, இன்று லாக்ஸ் குவாலாம்ஸ். ஸ்கீனாவின் கீழ்ப்பகுதியில் இருந்த 9 பிரிவினரும் கோட்டையைச் சுற்றிக் குடியேறினார்கள். மேல்ஸ்கீனா வியாபார உரிமையையோ கம்பெனி 1866இல் லிகெக்கிடம் விலை கொடுத்து வாங்கியது. இல்லாத சட்டத்திடம் யாரும் காசு கொடுத்து உரிமை வாங்க மாட்டார்கள். கேள்வியின் முதல் பாதிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் காட்சி மாறுகிறது. 1857இல் வில்லியம் டங்கன் என்ற ஆங்கில மிஷனரி வந்தார். 1862இல் சுமார் 50 பேரைக் கூட்டிக்கொண்டு மெட்லகாட்லாவின் பழைய குளிர்கால இடத்துக்குப் போய்ப் புது ஊர் வைத்தார். அங்கே குடியேற 15 விதிகள். சாமியாட்டம் கூடாது, பொருளை வாரிக் கொடுக்கும் விருந்து கூடாது, முகத்தில் வண்ணம் பூசக்கூடாது, சூதாட்டம் கூடாது. ஞாயிறு ஓய்வு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஊர் வரி. கவனித்தீர்களா, ஒரு சட்டத்தை எடுக்க வேண்டும் என்றால் இன்னொரு சட்டத்தைத்தான் வைக்க வேண்டியிருந்தது. டங்கன் போன அதே ஆண்டில் கரையோரம் முழுக்கப் பெரியம்மை பரவிப் பெருந்தொகையானவர்களைக் கொன்றது. ஒரே வீட்டில் பல பெயர்கள் ஆளின்றிக் காலியாயின. பெயர் தாங்க ஆள் இல்லை என்றால் நிலத்துக்குக் காவல் இல்லை. இது வெறும் உயிர்ச் சேதம் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். லிகெக்கே ஞானஸ்நானம் பெற்றுப் பால் என்று ஆனார்.

மதம் மாறியவர்கள் விட்டுக்கொடுத்த முகமூடிகளும் சடங்குப் பொருள்களும் டங்கனிடம் சேர்ந்தன. 1863இல் அவற்றில் பலவற்றை டன்டாஸ் என்ற பாதிரியார் வாங்கிப் போனார். அந்தத் தொகுப்பு 2006இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 70 லட்சம் டாலருக்குப் போனது. அயாவ்க்கின்படி பார்த்தால் வீட்டின் பெட்டகத்தில் இருப்பதை ஒரு தனி ஆள் விற்கவே முடியாது. இதே வாதத்தை வைத்துத்தான் நிஸ்காவின் நீஸ்ஜூல் வீட்டார், 1929இல் எடுத்துச் செல்லப்பட்ட தங்கள் 11 மீட்டர் நினைவுக்கம்பத்தை எடின்பரோ அருங்காட்சியகத்திலிருந்து 2023இல் மீட்டுக்கொண்டார்கள். விற்றவருக்கு விற்கும் அதிகாரமே கிடையாது என்பதுதான் அவர்கள் சொன்னது.

டங்கன் பிறகு தன் சபையோடு சண்டை போட்டுக்கொண்டு, 1887இல் சுமார் 800 பேருடன் அலாஸ்காவின் ஆனெட் தீவுக்குப் போய்விட்டார். அதுதான் இரண்டாவது மெட்லகாட்லா. அதே 1887இல் இன்னொன்றும் நடந்தது. சிம்ஷியன், நிஸ்கா தலைவர்கள் விக்டோரியா நகருக்குப் போய் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பிரதமர் வில்லியம் ஸ்மித்தைச் சந்தித்தார்கள். நிலத்துக்கு ஒப்பந்தம் வேண்டும், எங்களை நாங்களே ஆள வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளையர் வருவதற்கு முன் நீங்கள் காட்டு விலங்குகளைவிடக் கொஞ்சம்தான் மேல் என்பது அவர் சொன்ன பதில். கம்பெனி காசு கொடுத்து உரிமை வாங்கி இருபத்தொரு வருஷம்தான் ஆகியிருந்தது.

விருந்தை 1884இல் கனடா சட்டம் போட்டுக் குற்றமாக்கியது. 1927இல் நில வழக்குக்குப் பணம் திரட்டுவதும் குற்றம். இரண்டும் 1951 வரை நீடித்தன. விருந்தைத் தடுத்தது ஒரு கொண்டாட்டத்தைத் தடுத்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பதிவு அலுவலகம், நீதிமன்றம், சட்டசபை மூன்றுக்கும் ஒரே நாளில் பூட்டுப் போட்டது போல என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். பூட்டை எல்லோரும் மதிக்கவும் இல்லை. 1936 வெள்ளத்தில் விழுந்த குலச்சின்னக் கம்பங்களை கிட்ஸெகுக்லா ஊர் கிட்க்ஸான் மக்கள் 1945 ஜனவரியில் மறுபடி நட்டார்கள், விருந்துகளோடு. அங்கே விருந்தாளியாகப் போய் நடந்ததை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தவர் வில்லியம் பேனன். அப்பா வேல்ஸ்காரர், அம்மா வழியில் கிட்லான் பிரிவின் ஓநாய்க் குலத் தலைவர் பதவி. பாதி வெளியாள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அம்மாவின் வீடுதான் கணக்கு. அவர் எழுதிச் சேர்த்த ஆயிரக்கணக்கான பக்கங்கள் இல்லாவிட்டால் இன்று பல வீடுகளுக்குத் தங்கள் அதாவ்க்கின் பகுதிகள் கிடைத்திருக்காது.

விருந்துத் தடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதைவிட ஆழமாக வெட்டியது கல்யாண விதி என்பது என் கருத்து. 1869இலிருந்து கனடாவின் சட்டப்படி, ஒரு பழங்குடிப் பெண் வெளியாளைக் கட்டினால் அவள் பழங்குடியே இல்லை. அவள் பிள்ளைகளும் இல்லை. பழங்குடி ஆண் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினாலோ அவள் சட்டப்படி பழங்குடி ஆகிவிடுவாள். இதை அயாவ்க்கோடு பொருத்திப் பாருங்கள். வீட்டின் பரம்பரையைச் சுமப்பவள் பெண். அவள் பிள்ளைகள்தான் பெயருக்கு வாரிசு. அந்தப் பிள்ளைகளை, பழங்குடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய ரிசர்வ் நிலத்தில் குடியிருக்க உரிமை இல்லாதவர்கள் ஆக்கிவிட்டு, எந்த வீட்டிலும் எந்தக் குலத்திலும் இடமில்லாத பிள்ளைகளை உறுப்பினர் பட்டியலில் ஏற்றியது அரசாங்கம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல, வலது இடது மாறி. இந்த விதி 1985இல்தான் திருத்தப்பட்டது. அதற்குள் நான்கைந்து தலைமுறை. கவுன்சிலில் ஓட்டுப் போட்டவர்கள் ஒரு கணக்கு, கூடத்தில் பெயர் தாங்க வேண்டியவர்கள் இன்னொரு கணக்கு என்று ஊர் இரண்டாகப் பிரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். சில வீடுகள் குலமில்லாத பிள்ளைகளை விருந்து வைத்துத் தத்தெடுத்துக்கொண்டு நிலைமையைச் சமாளித்தன. தத்தெடுப்பும் அயாவ்க்கில் உள்ளதுதான்.

இப்போது நீதிமன்றக் கதை. இது கிட்க்ஸான் மக்களும் பக்கத்து வெட்சுவெட்டென் மக்களும் தொடுத்த வழக்கு. டெல்கமூக் வழக்கு என்பார்கள். டெல்கமூக் என்பது ஒரு வீட்டுத் தலைவரின் பெயர். வழக்கு நடக்கும்போதே அந்தப் பெயரைத் தாங்கியவர் மாறினார், வழக்கின் பெயர் மாறவில்லை. முன்னால் சொன்னேனே, அதுதான். 1987இல் விசாரணை தொடங்கி 374 நாள் நடந்தது. சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் நிலம். ஆதாரம் அதாவ்க்கும் பாட்டும். அன்ட்குலிலிபிக்ஸ் என்ற பெயர் தாங்கிய மேரி ஜான்சன் என்ற மூதாட்டி, தன் வீட்டின் இரங்கல் பாட்டைப் பாட எழுந்தார். பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதாதா, தனக்குத் தகரக் காது, பாடினால் ஏறாது என்றார் நீதிபதி மெக்கெக்கரன். அந்த அம்மாள் பாடினார். 1991 தீர்ப்பு முழுத் தோல்வி.

அதே வழக்கில் ஸீலி ஏரிக் கதையும் வந்தது. ஏரியிலிருந்து ஒரு பிரம்மாண்டமான கரடி எழுந்து காட்டை நசுக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தது என்று வரலாறு சொல்கிறது. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்தபோது, அந்த இடத்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் பெரிய நிலச்சரிவு நடந்த தடயம் கிடைத்தது. 2017இல் இன்னொரு ஆய்வும் வந்தது. வடக்கிலிருந்து வந்த டிலிங்கிட் மக்களோடு சிம்ஷியன் மக்கள் நடத்திய பழைய போர்களைப் பற்றியும், அப்போது தீவுகளை விட்டு வெளியேறியதைப் பற்றியும் அதாவ்க் சொல்வதை, பிரின்ஸ் ரூப்பர்ட் பக்கத்துப் பழைய ஊர்களின் கரிமக் காலக்கணிப்போடு வைத்துச் சோதித்தார்கள். வரலாறு தோற்கவில்லை.

1997 டிசம்பர் 11 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1991 தீர்ப்பைத் தள்ளியது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்றது. மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த மறு விசாரணை நடக்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பரிசு வாங்கிய தலைவர்கள் காலங்காலமாகச் செய்த வேலையை, ஆறு நீதிபதிகள் "இதுவும் சாட்சியம்தான்" என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. அதற்காக எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. கடல் வளத்தை வணிக அளவில் பிடிக்கும் உரிமை கேட்டு லாக்ஸ் குவாலாம்ஸ் தொடுத்த வழக்கை 2011இல் அதே நீதிமன்றம் நிராகரித்தது. பழைய நாளில் பெரிதாக வியாபாரம் ஆனது ஊலிகன் எண்ணெய் மட்டும்தான், அதை வைத்து எல்லா மீனுக்கும் உரிமை கேட்க முடியாது என்றது. ஊலிகன் என்பது மார்ச் வாக்கில் நாஸ் ஆற்றில் ஏறும் சிறு மீன். காயவைத்துத் திரி போட்டால் மெழுகுவர்த்தி போல எரியும், அவ்வளவு கொழுப்பு.

இனி இரண்டாவது பாதி: இன்று அதற்கு என்ன வேலை? லெலு தீவுக் கதை போதும். ஸ்கீனா முகத்துவாரத்தில் இருக்கும் இந்தத் தீவில் மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனம் திரவ எரிவாயு ஆலை கட்ட நினைத்தது. தீவை ஒட்டி ஃப்ளோரா பேங்க் என்ற கடற்புல் மேடு. ஆற்றிலிருந்து இறங்கும் சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் பழகுவது அங்கேதான். லாக்ஸ் குவாலாம்ஸ் ஊருக்கு 40 ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள். 2015 மே மாதத்தில் லாக்ஸ் குவாலாம்ஸ் மக்கள் ஊரிலும், பிரின்ஸ் ரூப்பர்ட்டிலும், வான்கூவரிலும் கூடி வேண்டாம் என்று எழுந்து நின்றார்கள். அந்த ஆகஸ்டில், தீவு தங்கள் நிலம் என்று சொல்லும் கிட்வில்கியோட்ஸ் பிரிவினர் யாஹான் என்ற தலைவரின் தலைமையில் தீவிலேயே போய்க் குடியேறினார்கள். தேர்ந்தெடுத்த கவுன்சிலின் தலைமை மாறி, அடுத்த ஆண்டு நிபந்தனைகளோடு ஆதரவு என்ற பக்கம் சாய்ந்தது. தீவில் இருந்தவர்கள் அசையவில்லை.

யாருக்கு அதிகாரம்? கனடாவின் சட்டப்படி அரசாங்கம் பேச வேண்டியது கவுன்சிலோடு. அயாவ்க்படி பார்த்தால் கவுன்சிலுக்கு ரிசர்வ் எல்லைக்குள் ரோடு போடவும் குழாய் போடவும் அதிகாரம் இருக்கலாம். அந்தத் தீவைப் பற்றிப் பேச அந்தப் பெயர்தான் வாய் திறக்க வேண்டும். யாஹான் தரப்பு ஃபெடரல் நீதிமன்றம் போனது. ஆலையின் அனுமதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அவர் உண்மையில் அந்தப் பிரிவின் சார்பில் பேச அதிகாரம் பெற்றவர்தானா என்ற கேள்வியில் வழக்கு சிக்கியது. ஊருக்குள்ளேயே அதற்கு மறுப்பு இருந்தது. சட்டத்தின் பலவீனம் என்று இதைச் சிலர் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் யாருக்கு என்ற தகராறு புதிதில்லை. அதைக் கூடத்தில் வைத்து, சாட்சிகள் முன்னால், பல விருந்துகளில் பேசித் தீர்க்கும் வழி இருந்தது. அந்த வழியை அறுபது வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்துவிட்டு, இப்போது அவசரமாக ஒரு பதில் கேட்டால் எங்கிருந்து வரும்? பெட்ரோனாஸ் 2017 ஜூலையில் சந்தை நிலவரத்தைச் சொல்லித் திட்டத்தைக் கைவிட்டது. அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி பதிலில்லாமலே நிற்கிறது.

நடைமுறையில் கவுன்சிலும் அயாவ்க்கும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. வீடு கட்டும் பணம், தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் கவுன்சில் பார்க்கும். சாவு, பெயர், தத்து, பழைய மீன்பிடி இடம் என்றால் வீட்டுத் தலைவர்களையும் மூத்த பெண்களையும் தேடிப் போவார்கள். நிஸ்கா மக்கள் 2000இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, தேர்ந்தெடுத்த அரசாங்கத்துக்கு மரபுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு மூத்தோர் சபையையும் வைத்துக்கொண்டார்கள். கிட்காட்லா மக்கள் தங்கள் நிலத்தில் யார் வேண்டுமானாலும் கணினியில் கனிமக் கோரிக்கை பதிவு செய்யலாம் என்ற முறையை எதிர்த்து வழக்குப் போட்டு, பதியும் முன் கலந்து பேசும் கடமை அரசுக்கு உண்டு என்று 2023இல் தீர்ப்பு வாங்கினார்கள். டங்கனின் 15 விதிகள் வழி வந்த அலாஸ்கா மெட்லகாட்லாவிலேயே 1982இல் டேவிட் பாக்ஸ்லி என்ற சிற்பி முதன்முதலாக ஒரு பொட்லாட்ச் நடத்திக் காட்டினார்.

அதனால் "கவுன்சில் இருக்கும்போது இதற்கு என்ன வேலை" என்ற கேள்வியை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டால் கொஞ்சம் விழிப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் கவுன்சில் தேர்தலில் நின்று தோற்றிருக்கலாம், ஜெயித்தவர் அவருடைய அப்பா வழி உறவாக இருக்கலாம். அடுத்த சாவு விருந்தில் இருவரும் அவரவர் பெயருக்குரிய இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். குழி வெட்டிய கூலியை இவர் எண்ணிக் கொடுக்க, அவர் எல்லோர் எதிரிலும் வாங்கிக்கொள்வார்.